இடது கால் சலங்கை

பிள்ளைப்பாக்கத்துத் தொழிற்பேட்டைச் சாலையில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். கம்பெனி கேட் முதுகுக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே போனது. காலில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ. உடம்பில் நீலச் சட்டை. தோளில் சாப்பாட்டுப் பை. பைக்குள் காலை இட்லி கொண்டுவந்த காலி டிபன் பாக்ஸ், அதன் மேல் மடித்து வைத்த பட்டு வேட்டி. வேட்டியில் சாம்பார் ஒழுகியிருக்குமோ என்பதுதான் என் முதல் கவலை. வேலை போய்விட்டது என்பது இரண்டாவது கவலை.

எங்களைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்கள் ஷிஃப்ட் நடுவில் வெளியே போவதானால் கழுத்து அட்டையைக் கேட்டில் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கொடுத்தால் திரும்பி வர வேண்டாம் என்று அர்த்தம். கொடுத்துவிட்டேன். செக்யூரிட்டி அண்ணன் என் முகத்தைப் பார்த்து, "வூட்ல யாருக்காவது உடம்பு சரியில்லியாப்பா?" என்று பரிவோடு கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பரிவு போயிருக்கும்.

உண்மை இதுதான். அன்று சாயங்காலம் குன்றத்தூரில் சலங்கை பூஜை. சலங்கை கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் ஆறேழு சிறுமிகள். அப்புறம் நான்.

பரதநாட்டியம் கற்க வருகிறவர்கள் முதலில் வெறுங்காலில்தான் ஆட வேண்டும். டீச்சருக்குத் திருப்தி வந்த பிறகு ஒரு நாள் குறித்து, சலங்கைகளைத் தட்டில் அடுக்கி நடராஜர் முன் வைத்து, பூப்போட்டு, சூடம் காட்டி, தன் கையால் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுப்பார். வருஷத்துக்கு ஒரு முறைதான். அன்றைக்கு வராதவன் அடுத்த வருஷம் வரைக்கும் வெறுங்கால்தான்.

அடுத்த வருஷம் நான் எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி பார்த்தவன் இல்லை நான். இந்தத் தொடரை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் எதையும் முடித்ததில்லை. ஒன்பதாம் வகுப்பு உட்பட. இதையாவது முடித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. கால் வலியைவிட அது அதிகமாக இருந்தது.

சண்டை போடப் போனவன்

இந்த வெறி வந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

குன்றத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஒரே அறையில் மூன்று ஷிஃப்ட்டுக்குமாக ஆட்கள். ஒருவன் எழுந்தால்தான் இன்னொருவனுக்குப் பாய். நைட் ஷிஃப்ட் வாரத்தில் எனக்குக் கிடைத்தது பகல் பாய். சாயங்காலம் நல்ல தூக்கத்தில் இருக்கும்போது தலைக்கு மேலே இடி விழும். தொம் தொம் தொம் தொம். கூரையிலிருந்து சுண்ணாம்புப் பொடி வாயில் விழும். மாடியில் நாட்டிய வகுப்பு.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே போனேன். சின்னச் சின்னப் பெண்கள் வரிசையாக நின்று தரையை மிதித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே ஓர் இளம்பெண் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கட்டையைக் கழியால் தட்டிக்கொண்டிருந்தாள். பத்து வயதாவது என்னைவிடச் சின்னவள். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள். பெயர் நித்யா.

"இன்னாண்ணா வேணும்?"

"கீழ தூங்கறேன்மா. தூங்க முடில."

"அப்படி ஓரமா உக்காருங்க. இது முடிஞ்சதும் பேசலாம்."

உட்கார்ந்தேன். அது முடிந்தது. அடுத்தது தொடங்கியது. அதுவும் முடிந்தது. அத்தனை கால்களும் ஒரே நேரத்தில் தரையில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பெனியில் பெரிய பிரஸ் மெஷின் அப்படி விழும். ஆனால் இங்கே விழுந்த பிறகு கால்கள் சிரித்தன. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் படிப்பு அவ்வளவுதான்.

வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பத் தொடங்கிய பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

"ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"நானும் கத்துக்கலாமா?"

அவள் என் கைலியைப் பார்த்தாள். முகத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தாள். "முதல்ல அரைமண்டில ஒக்காருங்க, பாக்கலாம்" என்றாள். முட்டியை இரண்டு பக்கமும் விரித்து, முதுகு வளையாமல், பாதி உட்கார்ந்து பாதி நிற்கிற நிலை அது. உட்கார்ந்தேன். பிறகு என்னை நிமிர்த்த அவளும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒரு தாயும் வர வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அவர் எனக்கு டீச்சர். அவருக்கு நான் அண்ணா. சிறுமிகளுக்கு அங்கிள்.

உடம்பில் ஒட்டிய வேலைகள்

நாட்டியம் கற்கத் தொடங்கிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. நான் ஊர் ஊராக விட்டுவிட்டு வந்த வேலைகள் எதுவும் என்னை விடவில்லை.

கையை வீசி நீட்டச் சொன்னால் மணிக்கட்டு தானாக ஒரு சுழற்று சுழற்றும். "அண்ணா, பரோட்டா வீசாதீங்க" என்பார் டீச்சர். கேரளத்தில் ஒரு ஹோட்டலில் மாவு வீசிய மணிக்கட்டு அது. கழுத்தை மட்டும் அசைக்கச் சொன்னால் தோளும் சேர்ந்து வரும். திருப்பூரில் துணி மூட்டை தூக்கிய தோள். திருவிழாக்களில் ராட்டினம் சுற்றிய காலத்துப் பழக்கம் இன்னொன்று. ஆடும்போது ஓரக்கண்ணால் யாராவது கீழே விழுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பெரும்பாலும் விழுகிறவன் நான்தான்.

இவையெல்லாம் போகப் போகக் குறைந்தன. ஒன்று மட்டும் போகவே இல்லை. கம்பெனி ஓகே.

எங்கள் லைனில் கார் இருக்கைக்கு அடியில் போகும் ஓர் இரும்புத் துண்டு வரும். அதைக் கையில் வாங்கி, கண்ணால் பார்த்து, சுட்டுவிரலை நீட்டிக் காட்டி, வாய் விட்டு "ஓகே" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். சத்தம் வராவிட்டால் பார்க்கவில்லை என்று கணக்கு. சூபர்வைசர் பக்கத்தில் நின்றால் அவரும் பதிலுக்கு "ஓகே" என்று சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதுதான். ஓ.டி. பார்த்தால் அதற்குப் பிறகும் இதுதான். தூக்கத்தில் நான் விரலை நீட்டி ஓகே சொன்னதாக அறையில் இருந்தவர்கள் சொன்னார்கள். இன்னொருவன் தூக்கத்திலேயே பதில் சொன்னானாம்.

வகுப்பில் ஓர் அடவை, அதாவது கை கால் அசைவுகளின் ஒரு கோவையை, ஆடி முடித்ததும் என் விரல் நீளும். "ஓகே!"

"டீச்சர், அங்கிள் மறுபடியும் ஓகே சொல்றாரு!"

இப்படிக் காட்டிக்கொடுப்பவள் தமிழினி. இரட்டைச் சடை, முன்பல் இல்லாத வாய். எனக்குப் பக்கத்தில் நின்று ஆடுபவள். எனக்கு அடவு மறந்துபோனால் அவள் காலைப் பார்த்துத்தான் ஆடுவேன். அதற்குக் கூலியாக என்னை மாட்டிவிடுவாள்.

"எங்கப்பாவும் இப்டித்தான் அங்கிள். கேஸ ஆஃப் பண்ணிட்டு கை காட்டி ஓகேன்னுவாரு. சாமி கும்பிட்டாக்கூட ஓகேன்னுவாரு. அம்மா திட்டும்."

அவள் அப்பாவும் ஏதோ கம்பெனியில் இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். குன்றத்தூரில் யார் அப்பாதான் கம்பெனியில் இல்லை? வகுப்புக்கு அவளைக் கூட்டி வருவது எப்போதும் அம்மாதான்.

சலங்கை பூஜைக்கு நாள் குறித்த அன்று டீச்சர் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"அண்ணா, தட்டடவு வந்துடுச்சு, நாட்டடவு வந்துடுச்சு. முட்டியும் ஏதோ ஒரு மாதிரி வந்துடுச்சு. சலங்கை குடுக்கறேன். ஆனா அந்த மேடையில ஒங்க வாயிலேர்ந்து ஓகே வந்துச்சு, சலங்கையத் திருப்பி வாங்கிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

"வராது டீச்சர்."

"விரலப் பாருங்க."

பார்த்தேன். நீட்டிக்கொண்டிருந்தது.

லைனை யார் ஓட்டுவது

அன்று மதியம் சூபர்வைசர் தயாளனிடம் போய் நின்றேன்.

"சார், இன்னிக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வுடுங்க. ஃபங்ஷன்."

"இன்னா ஃபங்ஷன்?"

"சொந்தக்காரங்க வூட்ல சார்."

பரதநாட்டியம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் கேன்டீனில் ஒரு வாரத்துக்குச் சாதத்தோடு என்னையும் பரிமாறுவார்கள்.

"யோவ் வேலு, இன்னிக்கு எனக்கே பர்மிஷன். எம் பொண்ணுக்கு ஒரு ஃபங்ஷன் கீது. நானும் போயி நீயும் போயிட்டா லைன உங்க தாத்தா வந்து ஓட்டுவாரா?"

கேட்டுவிட்டு அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. இரும்புத் துண்டைப் பார்த்துப் பார்த்து மூளையும் அந்தக் கனத்துக்கு வந்திருந்தது. டீ இடைவேளையில் பக்கத்தில் நின்ற பையனிடம் "வந்துர்றேன்" என்று பொய் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. கை காட்டி நிறுத்திய குட்டியானை வேன் ஒன்றில் தண்ணீர் கேன்களுக்கு நடுவே இடம் கிடைத்தது. டிரைவர் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டே ஓட்டினார்.

"ஷிஃப்ட் முடில, அதுக்குள்ள எங்கண்ணா?"

"டான்ஸ் ஆடப் போறேன்."

"யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல. பரதநாட்டியம்."

கண்ணாடியில் என் மீசையைப் பார்த்தார். பிறகு குன்றத்தூர் வரும் வரைக்கும் பாட்டை மட்டும் சத்தமாக வைத்துக்கொண்டார். இறங்கும்போது, "நல்லா ஆடு நைனா" என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

முன்வரிசையில் ஒரு முகம்

மாடி ஏறும்போதே மல்லிகைப்பூ வாசனையும் சாம்பிராணிப் புகையும் எதிரே வந்தன. அவை என்னைத் தாண்டிக் கீழே போயின. என் ஷூவிலிருந்து வந்த வாசனை அவற்றைவிட வலுவானது.

பாத்ரூமில் வேட்டியைப் பஞ்சகச்சமாகக் கட்டினேன். சாம்பார் ஒரு சொட்டுதான். அதை உள்மடிப்பில் மறைத்துவிட்டேன். குதிகாலில் ஷூ கடித்துத் தோல் உரிந்திருந்தது. கழுவினேன், எரிந்தது. கணுக்காலைச் சுற்றி சாக்ஸ் போட்ட தடம் வளையமாக இருந்தது, முன்கூட்டியே சலங்கை கட்டிப் பார்த்தது போல.

சூடம் காட்டி முடித்திருந்தார்கள். சிறுமிகள் ஒவ்வொருத்தியாகச் சலங்கை வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாங்கி, கண்ணில் ஒற்றி, டீச்சர் காலில் விழுந்து எழுவார்கள். கூட்டத்தில் எல்லார் கையிலும் போன் உயர்ந்திருந்தது.

கடைசியாக என் பெயர். நான் போய் நின்றதும் ஒரு சலசலப்பு. அது எனக்குப் பழக்கம்தான். டீச்சர் வலது கால் சலங்கையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். வாங்கினேன். தோல்பட்டையில் கோத்த மணிகள் குளிர்ச்சியாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தன. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கண் கலங்கியது. சாம்பிராணிப் புகை என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். புகையால் இல்லை. குனிந்து வலது காலில் கட்டிக்கொண்டேன்.

இடது கால் சலங்கை கைக்கு வந்தது. அந்த நேரத்தில்தான் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

முன்வரிசையில், மடிப்புக் கலையாத சட்டையில், போனை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி சூபர்வைசர் தயாளன். அவர் மடியில் சாய்ந்து தன் சலங்கையை ஆட்டிக்கொண்டிருந்தாள் தமிழினி.

என் அறிவு அந்த இடத்தில் வேலை செய்யவில்லை. உடம்பு மட்டும் செய்தது. எதிரே சூபர்வைசர். கையில் உலோகம். உடம்புக்கு அது போதும். கண் மணிகளை ஒரு சுற்று பார்த்தது. சுட்டுவிரல் நீண்டது. லைனில் மெஷின் சத்தத்தை மீறிக் கேட்பதற்காகப் பழகிய குரல் அந்தச் சின்ன ஹாலில் வெடித்தது.

"ஓகே!"

அடுத்த நொடி, போனைக் கீழே இறக்காமலே, தயாளனின் விரலும் நீண்டது.

"ஓகே!"

நடராஜர் மட்டும்தான் சிரிக்கவில்லை. "அப்பாஆ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் தமிழினி. அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்வரிசையில் இருந்த அப்பாக்கள் பாதிப் பேர் தங்கள் விரலை அவசரமாக மடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

டீச்சர் சிரிக்காமலிருக்கக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனால் கணக்கு டீச்சர். சொன்னால் சொன்னதுதான். என் கையிலிருந்து சலங்கையை மெதுவாக எடுத்துத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"கட்டினதக் கழட்ட மனசு வரல. வலது கால் உங்களுது. இது சாமிகிட்டயே இருக்கட்டும். அந்த ஓகே எப்ப உங்க ஒடம்ப வுட்டுப் போவுதோ, அன்னிக்கு வந்து வாங்கிக்கங்க."

அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஆடினோம். வலது கால் ஜல் என்றது. இடது கால் தொப் என்றது. ஜல் தொப், ஜல் தொப். நொண்டிக் குதிரை பூட்டிய வண்டி ஊர்வலம் போவது போல இருந்தது. அந்த வீடியோ இன்னும் யார் யார் போனிலோ இருக்கும். நான் பார்த்ததில்லை.

சுண்டல் தொன்னையோடு

சுண்டல் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். தயாளன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் தொன்னையிலிருந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"லைன யாருய்யா பாக்கறா?"

"தெரில சார்."

"எம் பொண்ணு தெனம் சொல்லும், அங்கிள் அங்கிள்னு. யாரோ ரிட்டயர் ஆன வாத்தியாருன்னு நெனச்சேன்யா." தலையைச் சொறிந்துகொண்டார். "மதியமே சொல்லித் தொலச்சிருக்கலாம் இல்ல? பைக்லயே இட்டாந்திருப்பேன்."

"நீங்க சிரிப்பீங்கன்னு..."

"சிரிச்சிருப்பேன்தான்." இன்னொரு வாய் சுண்டல். "சரி வுடு. காலைல வா. அட்டைய நான் வாங்கித் தரேன். அதே லைன், அதே எடம்."

நல்ல மனிதர். அந்த வேலையும் மோசமில்லை. மதியச் சாப்பாடு, பஸ், மழை படாத கூரை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது மாடியில் டீச்சர் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். தட்டில் அந்த ஒற்றைச் சலங்கை நகர்ந்து சத்தம் போட்டது.

"இல்ல சார். அங்க வந்தா நாள் பூரா ஓகே சொல்லணும்."

தயாளன் என்னைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று எழுந்துபோனார்.

காலையில் கிடைத்த வேலை

விடிந்ததும் ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடைக்குப் போனேன். வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் ஒருவர் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்து ஆபீஸ் நடத்துவார்.

"ரெண்டு எடம் கீது. ஒண்ணு ஏசி லைன். நின்ன எடத்துல வேல. வெயில் தெரியாது."

"அங்கயும் கை காட்டி ஓகே சொல்லணுமா?"

"பின்ன? எல்லாக் கம்பெனியிலயும் அதானே."

"இன்னொண்ணு?"

"அது ஒனக்கு வாணாம்பா. வடக்குப்பட்டுல கன்டெய்னர் யார்டு. மண்ணு, பொகை, மொட்டை வெயிலு. லாரி ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னால நின்னு கை காட்டணும். வாயில விசில் வச்சிக்கினே இருக்கணும்."

"நாள் பூராவா?"

"டீ குடிக்கற நேரம் தவிர."

"அதக் குடுங்க."

அவர் என் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். உரிந்த குதிகாலுக்காக நான் செருப்போடு வந்திருந்தேன்.

வெயில் ஏறுவதற்கு முன்பே யார்டில் நின்றேன். விசில் புதுசு, பிளாஸ்டிக் வாசனை அடித்தது. முதல் லாரி நீளமான கன்டெய்னரோடு பின்னால் வந்தது. இடது கையை மடக்கி மடக்கி வரச்சொன்னேன். கை போன இடத்துக்குக் கண்ணும் போனது. அது டீச்சர் சொல்லிக்கொடுத்தது. சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது விரல்களை ஒட்டி நிமிர்த்தி, உள்ளங்கையைக் காட்டினேன். நாட்டியத்தில் முதல் நாள் கற்கிற கை முத்திரை அது, பதாகம். விசிலை ஊதினேன். அவ்வளவு பெரிய வண்டி புஸ்ஸென்று மூச்சு விட்டு நின்றது.

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்.

"ஓகேவாண்ணா?"

சுட்டுவிரல் துடித்தது. மற்ற விரல்களோடு சேர்த்து அதை இறுக்கிப் பிடித்தேன். விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டேன். தோள் அசையாமல், தலையை மட்டும் ஆட்டினேன்.